முதல் பிரதி பெற்றுக்கொண்டவர்

மென்பொருள் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்த காலம் முழுவதும் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டாலும் "கம்ப்யூட்டர் ஏன் ஸ்லோவா இருக்கு?" என்பதோடு சரி. ஓய்வு பெற்ற மறுநாளே எனக்கு அனுபவம் வந்துவிட்டது போலிருக்கிறது. சரி, கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம், ஊர் நெய்வேலி என்பது போதும். நெய்வேலி என்றதும் நிலக்கரி மைன்ஸ், தெர்மல் மின்நிலையம் என்று உங்கள் மனம் ஓடும். டவுன்ஷிப்பில் வேறு அலுவலகங்களும் உண்டு. எங்களுடையது ஒரு கூட்டுறவு அமைப்பு. மளிகை, கேஸ் சிலிண்டர், அவசரக் கடன் என்று உறுப்பினர்களுக்கு எல்லாம் கிடைக்கும், உடனே கிடைக்காது, அவ்வளவுதான். அதில் கம்ப்யூட்டர் பிரிவு என்று ஓர் அறை. அறைக்குள் நானும் ஒரு ஏசியும். ஏசி எனக்காகப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள், சர்வருக்காகப் போட்டது. சர்வர் பழுதாகும் நாட்களில் ஏசியை அணைத்துவிடுவார்கள்.

ஓப்பன் சோர்ஸ் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். நீங்கள் காலையில் காபி ஆறுவதற்குள் ஏதோ ஒரு நாட்டில் யாரோ எழுதும் மென்பொருளுக்கு ஒரு திருத்தம் அனுப்பிவிடுகிறீர்கள். அதற்கு ஒரு கைதட்டல் படமும் வருகிறது. நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள். அப்போது எங்கள் அலுவலகத்தில் ஓப்பன் சோர்ஸ் என்றால் யாரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது என்று பொருள் இல்லை, காசில்லாமல் கிடைப்பது என்று பொருள். டெண்டர் விடாமல் வந்த எதுவும் எங்கள் மேலாளருக்குத் திருட்டுப் பொருள் மாதிரிதான்.

மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். திறப்பு விழா என்றால் உயிர். குடிநீர் வடிகட்டி, சைக்கிள் ஸ்டாண்ட், கழிப்பறைக்குப் புதுக் கதவு, எதுவானாலும் ரிப்பன் கட்டி வெட்டுவார். அந்தக் கத்தரிக்கோலுக்கென்று தனி வெல்வெட் பெட்டி இருந்தது.

கதை அவரைப் பற்றியது இல்லை. எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் அந்தோணிசாமியைப் பற்றியது.

அந்தோணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சொந்த ஊர் காடாம்புலியூர். எம்.ஏ. படித்தவர், அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருடன் யாரும் ஒரு டீ குடித்து முடித்ததில்லை. அடக்கம் என்பது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. நான் ரிசீவரை எடுத்து மூச்சு விட்டாலே, "என்னா மேடம், சளி புடிச்சிகினு இருக்குதா?" என்பார். உறுப்பினர்களின் குரலைக் கேட்டே எந்த பிளாக், எந்த ஷிப்ட் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "வேற யாரு சொல்லுவா?" என்று தானே பாராட்டிக்கொள்வார்.

அவருடைய டெலிபோன் சுவிட்ச்போர்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, எங்கள் உறுப்பினர்கள் இமெயிலில் புகார் அனுப்பப் பழகியிருந்தார்கள். புகார்ப் பிரிவில் ஆள் இல்லை. அந்தோணியை அங்கே போடலாம், ஆனால் இமெயிலை யார் படித்துக் காட்டுவது? திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, இறக்கி அவருடைய கணினியில் போட்டுப் பார்த்தேன். தமிழும் பேசியது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல், ஆனாலும் தமிழ்.

சிக்கல் எங்கள் ஊர்த் தமிழில் இருந்தது. டவுன்ஷிப்புக்கு எல்லா மாவட்டத்து ஆட்களும் வந்து சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழியைச் செய்துவைத்திருக்கிறோம். அதில் பாதி ஆங்கிலம். "பி ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸ் வந்தால் சிலிண்டர் இல்லை" என்று ஒருவர் எழுதுவார். ஷிப்ட், குவார்ட்டர்ஸ், சிலிண்டர் மூன்றையும் ஆங்கில எழுத்தில் அடிப்பார். தமிழ்க் குரலுக்கு ஆங்கில எழுத்தைக் கண்டால் வாய் அடைத்துவிடும். "முடிந்து... வந்தால்... இல்லை" என்று மட்டும் படிக்கும்.

அந்தோணி கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்னா மேடம், எழவு வூட்ல துக்கம் விசாரிக்கிற மாதிரியே இழுக்குது. யாரு முடிஞ்சாங்க, யாரு வந்தாங்க, யாரு இல்லைன்னு சொன்னாத்தான தெரியும்?"

இதைச் சரிசெய்யச் சொல்லி அந்த மென்பொருளைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். அவர் எந்த நாடு, என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு புனைபெயர்தான் இருந்தது. எப்படி எழுதினேன் தெரியுமா? எங்கள் அலுவலகத்தில் எப்படி எழுதக் கற்றேனோ அப்படியே, ஆங்கிலத்தில். மதிப்பிற்குரிய ஐயா, பொருள், பார்வை, கோப்பு எண், தங்கள் மேலான கவனத்திற்கும் தக்க நடவடிக்கைக்கும் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். கீழே மேலாளருக்கு நகல். இதில் மேலாளர் கையெழுத்துப் போட, ஸ்கேன் செய்து அனுப்பி வைத்தோம்.

பதில் அன்றைக்கே வந்தது. இரண்டே வரி. கடிதம் அழகாக இருக்கிறது, ஆனால் பிழை என்ன என்று கடைசிப் பத்திவரை தெரியவில்லை. எனக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியும், நிரலில் இன்ன இடத்தைத் திறந்து நீங்களே ஏன் பார்க்கக்கூடாது?

மேலாளர் மனம் புண்பட்டுப் போனார். "மேனேஜர் கையெழுத்து போட்ட லெட்டர்மா. ஒரு சார் கூடப் போடல பாருங்க." அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, நான் அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். மேலாளருக்கு அவமானமாகப் பட்ட அந்த இரண்டு வரிதான் என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை. உன்னால் முடியும் என்று அதற்கு முன்னால் யாரும் எனக்கு எழுதியதில்லை.

தொழில்நுட்ப விவரம் உங்களுக்குத் தேவையில்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். தமிழ் எழுத்து வந்தால் தமிழ்க் குரல், ஆங்கில எழுத்து வந்தால் ஆங்கிலக் குரல் என்று மாற்றிக் கொடுக்கும்படி எழுதினேன். கொஞ்சம் திக்கும், ஆனால் விழுங்காது. சிலிண்டர் இல்லை என்று அது முதல் தடவை முழுதாகச் சொன்னபோது அந்தோணி மேசையைத் தட்டிக் கத்திவிட்டார். ஒரு சிலிண்டர் இல்லாததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பராமரிப்பவருக்குச் சொன்னேன். எங்களுக்கு அனுப்பு, சேர்த்துக்கொள்கிறோம் என்றார். உன்னிடமே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் நீ ஒருத்தியே அதைச் சுமக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதினார். யாருக்காவது பிரதி கொடுத்தால் மூலநிரலையும், அதாவது நீ எழுதிய வரிகளையும், சேர்த்தே கொடு என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டு, வெளியே அனுப்ப அனுமதி கேட்டு ஒரு குறிப்பு எழுதி மேலே வைத்தேன்.

குறிப்பு சுற்றுலா கிளம்பியது. கணக்குப் பிரிவு, என்ன விலைக்குக் கொடுக்கிறோம் என்று கேட்டது. இலவசம் என்றேன். இலவசமாகக் கொடுக்க எந்த விதியில் இடம் இருக்கிறது என்று அடுத்த கேள்வி. சட்ட ஆலோசகர், பெறுபவரின் முழு முகவரி வேண்டும் என்றார். உலகம் என்று எழுதினேன். முகவரி போதுமானதாக இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆபீஸ் டைம்ல, நம்ம கரண்ட்ல எழுதினது. அதை ஏம்மா ஊருக்குக் குடுக்கணும்?"

"சார், மொத்த மென்பொருளும் அவங்க எழுதினது. நாம ஒரு ஓரத்துல ஒட்டுத் துணி தச்சிருக்கோம்."

"அவங்க குடுத்தாங்கன்னா அது அவங்க விவரமில்லாத்தனம். அதுக்கு நாம என்ன பண்றது?"

அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் விழா கிடைத்தது. அலுவலகமே ஒரு மென்பொருள் செய்திருக்கிறது, அதை விழா இல்லாமல் விடுவதா? மேலாளருக்கு அதற்கு முன் மென்பொருளைத் திறந்துவைத்த அனுபவம் இல்லை. ரிப்பனை எங்கே கட்டுவது என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் புத்தக வெளியீட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறார். அதே முறையில் செய்துவிடலாம் என்று முடிவானது. முதல் பிரதியை மேலாளர் வெளியிட, அந்தோணிசாமி பெற்றுக்கொள்வார். பேனர் அடித்தாயிற்று.

எங்கள் கூட்ட அரங்கில் குத்துவிளக்கு ஏற்றி, இறைவணக்கம் பாடி, மேடையில் ஒரு கணினி வைத்தார்கள். மென்பொருளை நிறுவும்போது உரிம விதிகள் திரையில் வரும் அல்லவா, அதன் கீழே ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தானை மேலாளர் தன் கையால் அழுத்தினார். மென்பொருள் உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்த விதிகள் முதல் வரியிலேயே அறுந்து போயின. எல்லாரும் கைதட்டினோம். பிறகு சிவப்பு ரிப்பன் சுற்றிய சிடியை அந்தோணி கையில் கொடுத்து, "இதை அவர் வீட்டிலும் போட்டுப் பயன்பெற வேண்டும்" என்று பேசினார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அரங்கின் சுவரிலேயே மாட்டினார்கள். சிடியில் மூலநிரலையும் நான் சேர்த்து வைத்திருந்தேன், பராமரிப்பவர் சொன்னாரே என்று.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. மென்பொருள் அலுவலகச் சொத்து. அசல் ஒன்று மட்டும் பாதுகாப்பில் வைக்கப்படும், கம்ப்யூட்டர் பிரிவில் உள்ள மற்ற பிரதிகள் அழிக்கப்பட வேண்டும். மேலாளரே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழிப்பதைப் பார்த்தார். அழித்தேன் என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அசல் சிடியை உறைக்குள் போட்டு, டெண்டர் உறைகளுக்குச் செய்வதுபோல மேலே அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். பார், இதுதான் பாதுகாப்பு என்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அந்தோணிக்கு மேடையில் கொடுத்த பிரதி யாருக்கும் நினைவில் இல்லை. அது விழாவில் கொடுத்தது, நினைவுப் பரிசுக் கணக்கில் போய்விட்டது.

சில ஆண்டுகள் ஓடின. அந்தோணி சுவிட்ச்போர்டையும் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் புகார் இமெயில்களையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உண்மையாகவே சுவிட்ச்போர்டை எடுத்தார்கள். அதே மாதத்தில் பழைய கணினிகளை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் புதியவை வாங்கினார்கள். அந்தோணியின் கணினியும் போனது, அதிலிருந்த மென்பொருளும் அதோடு போனது. அவர் லீவில் இருந்த நாள் பார்த்து ஏற்றிவிட்டார்கள்.

அதற்கு மேல்தான் விஷயம் கழுத்துக்கு வந்தது. அந்தோணி புகார்ப் பிரிவுக்கு நிரந்தரமாகப் போக வேண்டுமானால், துணையில்லாமல் இமெயிலைப் படித்துப் பதில் எழுத முடியும் என்று ஒரு குழுவின் முன் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வி.ஆர்.எஸ். விருப்ப ஓய்வு என்று பெயர், யாருடைய விருப்பம் என்று கேட்கக் கூடாது. விண்ணப்பத்தை நிரப்பியே வைத்திருந்தார்கள். அந்தோணியின் பெண் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். வேலை போனால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். குழு அடுத்த வாரம் கூடுகிறது.

பீரோவைத் திறந்து அசலை எடுத்து உறையைக் கிழித்தோம். அரக்கின் சூடு உறைக்குள் இறங்கி, சிடி எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. முத்திரை மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீங்கதானம்மா எழுதினீங்க? மறுபடி எழுதிடுங்க. ரெண்டாவது தடவைங்கறதால சீக்கிரம் முடிஞ்சிடும்ல?"

மாவு அரைப்பதாக நினைத்துவிட்டார் போல. நடுவில் அந்த மென்பொருள் எத்தனையோ பதிப்பு தாண்டியிருக்கும், நான் முன்னே கை வைத்த இடம் அப்படியே இருக்கப்போவதில்லை. ஒரு வாரத்தில் எழுதி, சோதித்து, ஒரு மனிதரின் பிழைப்பை அதன் மேல் வைக்கும் தைரியம் எனக்கு இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தோணியைத் தேடிப் போனேன். சுவிட்ச்போர்டை எடுத்த அறையில், அது இருந்த இடத்துக்கு முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தோணி, அந்த விழா சிடி உங்க வீட்ல இருக்கா?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இருக்குதுங்க மேடம். ஆனா அது இப்ப எதுக்கும் ஆவாது. புது மிசின்ல ஓடாது, போட்டுப் பாத்துட்டேன்."

"அப்போ?"

"அத்த விட நல்லது ஒண்ணு இருக்குது. எங்க இருக்குது, எப்டி வந்துச்சின்னு நான் சொல்லிட்டா நீங்க மேல ரிப்போர்ட் பண்ணணும். அப்ப எனக்கு மெமோ. நான் சொல்லலைன்னா அடுத்த வாரம் வூட்டுக்கு. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

"நான் ரிப்போர்ட் பண்ணுவேன்னு யார் சொன்னது?"

"நீங்க நேர்மையான ஆளுங்க மேடம். அதான் பயமா இருக்குது."

பிள்ளைகளே, நேர்மையைப் பற்றி என்னிடம் சொல்லப்பட்டதில் இதைவிடக் கேவலமான பாராட்டு இல்லை. என் அறைக்குத் திரும்பினேன். பிறகு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். அந்த மென்பொருளின் தளத்துக்குப் போய், கடைசியாக வந்த பதிப்பை இறக்கி, எங்கள் ஊர்ப் புகார் ஒன்றைப் படிக்கக் கொடுத்தேன்.

ஷிப்ட், குவார்ட்டர்ஸ், சிலிண்டர் என்று ஒன்றையும் விழுங்காமல் படித்தது. திக்கவில்லை. நான் எழுதியதைவிட நன்றாகப் படித்தது.

நிரலைத் திறந்தேன். என் வரிகளை எனக்குத் தெரியாதா? தலைமுடி நரைத்தாலும் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியும். ஓர் இடத்தில் நான் தமிழிலேயே ஒரு குறிப்பு விட்டிருந்தேன்: "இந்த இடம் திக்குகிறது, பிறகு பார்க்க வேண்டும்." அதற்குக் கீழே யாரோ ஒருவர் தமிழில் எழுதியிருந்தார்: "பார்த்தாயிற்று அக்கா, இப்போது திக்காது." யார் என்று தெரியாது. நான் அந்தத் திரையைப் பார்த்து அழுதேன். ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது, ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, வெளியே போயிருக்கிறது. யார் கொண்டுபோனது என்பதற்கு விசாரணைக் கமிஷன் தேவையில்லை. விதிப்படி நான் மேலாளரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் குழு கூடுவதற்கு முன்பே அந்தோணி குற்றவாளி. சொல்லாவிட்டால், பின்னால் தெரிய வந்தால், ஓய்வு நெருங்கும் காலத்தில் நானும் குற்றவாளி. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு யாரும் காட்டவில்லை. புகார் வாங்குவதற்கு என்று ஒரு மேசை, அதில் உட்காரத் தகுந்த ஆள் இவர் ஒருவர்தான், படிக்க வைக்கும் பொருள் என் கையில் இருக்கிறது. நிறுவிவிடலாம் என்று முடிவு செய்தேன். யாராவது கேட்டால் பொய் சொல்வதில்லை, கேட்காவிட்டால் நானாகப் போய்ச் சொல்வதில்லை.

அந்தோணியிடம் போய், "தளத்திலிருந்து புதுப் பதிப்பு போட்டுட்டேன். நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல" என்றேன்.

"நான் என்னாத்த சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலியே" என்றார். முகம் மட்டும் காதுவரை சிரித்தது.

குழு அதே கூட்ட அரங்கில் கூடியது. மேலாளர் தலைவர். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். வெளியாள் ஒருவர் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஓர் அம்மாவைக் கடலூரிலிருந்து அழைத்திருந்தார்கள். அந்தோணி சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் திறந்துவைக்க ஏதாவது இருக்கும்போது எங்கள் மேலாளரால் சும்மா இருக்க முடியாதே. "நானே ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்" என்று எழுந்து போய், அந்தோணியின் கணினியில் கைக்கு அகப்பட்ட பொத்தானை அழுத்தினார். அது போய்த் திறந்த பக்கம், மென்பொருளைப் பற்றி என்ற பக்கம். கண் உள்ளவர்கள் யாரும் வாழ்நாளில் படிக்காத பக்கம். அந்த மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. படிக்கத் தொடங்கியது.

"தமிழ் ஆங்கிலக் கலப்பு வாசிப்பு. முதலில் எழுதியவர் ரெஜினா, நெய்வேலி. அனுப்பிவைத்தவர் அந்தோணிசாமி, நெய்வேலி. மேம்படுத்தியவர்கள்..."

திண்டுக்கல்லில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், மலேசியாவில் ஒரு பெண் என்று நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனது. ரெஜினா நான்தான். என் பெயர் அதுவரை அந்த அலுவலகத்தில் சம்பளப் பட்டியலிலும் மெமோவிலும் தவிர வேறெங்கும் வந்ததில்லை. அந்தத் தகரக் குரல் அதைச் சொன்னபோது பயந்துவிட்டேன். பயத்துக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மேலாளர் முகம் சிவந்துவிட்டது. "இது எப்படி வெளிய போச்சு? சீல் வச்ச பொருள் வெளிய எப்படிப் போச்சு? அந்தோணி, யாரு உங்களுக்குப் பர்மிஷன் குடுத்தது?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"மேடைல வெச்சி, ரிப்பன் கட்டி, என் கைலயே குடுத்தீங்களே சார். வூட்ல போட்டுக்கோன்னு மைக்ல சொன்னீங்களே."

"உங்களுக்குக் குடுத்தேன். ஊருக்கா குடுத்தேன்?"

"ஒப்புக்கொள்கிறேன்னு அமுக்கினீங்களே சார், அதுல என்னா இருந்துச்சின்னு கேட்டீங்களா? இங்க நீங்க அமுக்கின உடனே அது வாய மூடிகிச்சி. வூட்ல நான் அமுக்கல. முழுசாக் கேட்டேன். ஜெபமாலை நேரத்துல இன்னா இங்கிலீஷ் பேச்சுன்னு எம் பொண்டாட்டி கூடக் கோவிச்சிகினா. மாத்தி எழுதின பிரதிய யார் கைல குடுத்தாலும், அவுங்க அத்த அப்டியே வேற யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம், தடுக்கக் கூடாதுன்னு அதுல இருக்குது சார். நான் எம்.ஏ. எனக்குப் புரிஞ்சிச்சி. என்னோட படிச்ச பசங்களுக்குக் குடுத்தேன். அவனுங்க சரி பண்ணி அனுப்பினானுங்க. நான் மேடம் பேரப் போட்டு அந்தத் தளத்துக்கு அனுப்பிட்டேன்."

கடலூர் அம்மா சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். விளக்கு, பேனர், ரிப்பன், சிடியை நீட்டிச் சிரிக்கும் மேலாளர், பெற்றுக்கொள்ளும் அந்தோணி. பேனரில் "முதல் பிரதி வெளியீட்டு விழா" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"நீங்க இதை வெளியிட்டீங்களா இல்லையா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

எங்கள் மேலாளருக்குப் புத்தி மந்தம் என்று இவ்வளவு நேரம் நீங்கள் நினைத்திருந்தால் தவறு. வெளியிடவில்லை என்றால் சுவரில் இருப்பது பொய்யாகிவிடும். வெளியிட்டேன் என்றால் உலகமே அவருக்குக் கடன்பட்டதாகிவிடும். அவர் முகத்தில் கணக்கு ஓடியதை நான் பார்த்தேன். நெடுநேரம் ஓடவில்லை.

"வெளியிட்டேன் மேடம். அந்தக் காலத்துலயே எனக்கு அந்த எண்ணம் இருந்தது. நம்மோட நிக்கக் கூடாது, நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னு."

கணக்குப் பிரிவுக்காரர் கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்வது, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்காத கை வேறு எதற்கு?

பிறகு சோதனை. அன்று காலை வந்த இமெயில்களில் ஒன்றைக் கடலூர் அம்மாவே எடுத்துக் கொடுத்தார். சிலிண்டர் பதிவு செய்த ஓர் உறுப்பினர் வயிறெரிந்து எழுதியது. குரல் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்து, "உங்கள் மேனேஜருக்கு எத்தனை தடவை போன் செய்தாலும் எடுப்பதில்லை, காது கேட்காதா" என்று முடித்தது. மேனேஜர் என்பதை அந்த உறுப்பினர் ஆங்கிலத்தில் அடித்திருந்தார். பழைய மென்பொருளாக இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் விழுங்கி, அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அந்தோணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வருந்துகிறோம், இன்று மாலைக்குள் சிலிண்டர் வரும், தொலைபேசி குறித்த புகார் உரியவரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்று பதில் அடித்து, அதை மறுபடி படிக்க வைத்துக் காட்டினார். கடலூர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நிரப்பி வைத்திருந்த வி.ஆர்.எஸ். விண்ணப்பம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது உருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பாத்தீங்களா மேடம், எம்.ஏ.ன்னா சும்மாவா?" என்றார். நான் அவர் கையை விடாமல் கேன்டீன்வரை நடந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. வெளியே அனுப்பியதற்கு இல்லை. அது இப்போது மேலாளரின் சாதனை, அலுவலக ஆண்டறிக்கையில் படத்தோடு ஏறிவிட்டது. மெமோ வேறொன்றுக்கு. உலக அளவில் பயன்படும், மதிப்பு மிக்க மென்பொருளின் பிரதிகளைக் கம்ப்யூட்டர் பிரிவில் அழித்ததாக என் கையெழுத்துடன் ஆவணம் இருக்கிறதாம். ஏன் அழித்தேன் என்று விளக்கம் தர வேண்டுமாம்.

அலுவலக முறை தவறாமல் பதில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, பொருள், பார்வை, கோப்பு எண், எல்லாம் போட்டு. பிறகு இரண்டே வரி. அந்தப் பெயர் தெரியாத பராமரிப்பாளரிடம் கற்றுக்கொண்ட அளவு.

"பிரதி எதுவும் அழியவில்லை. அசல் வேண்டுமென்றால், தாங்கள் வெளியிட்ட முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் புகார்ப் பிரிவில் இருக்கிறார், கேட்டால் கொடுப்பார்."